37 டிகிரியில் வேகும் பீங்கான்: எலும்பும் துத்தநாகமும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எலும்புன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? கால்சியம், பால். கொஞ்சம் யோசிச்சா வெயில், வைட்டமின் டி. எல்லாமே சரிதான். ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது அந்த லிஸ்ட்ல பெரும்பாலும் யாரும் சேர்க்காத ஒரு பெயரைப் பத்தி. துத்தநாகம், அதாவது ஜிங்க். கொரோனா சமயத்துல வீட்டுக்கு வீடு மாத்திரை அட்டையா வந்து உக்காந்துச்சே, அதே ஜிங்க்தான்.

எலும்பு வளர்றதுல ஜிங்க் என்ன வேலை பார்க்குது? அது குறைஞ்சா என்ன ஆகும்? அதிகமானா என்ன ஆகும்? முக்கியமா, உங்க வீட்டுல பன்னிரண்டு, பதினாலு வயசுல ஒரு தம்பியோ தங்கச்சியோ இருந்தா, இதுல உங்களுக்கு என்ன விஷயம் இருக்கு? இதெல்லாம் புரியணும்னா முதல்ல ஒரு ஊருக்குப் போகணும். கடலூர் மாவட்டம், விருத்தாசலம்.

சூளை இருக்கிற ஊர்

விருத்தாசலம்னா பலருக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில் ஞாபகம் வரும். ரயில்ல போறவங்களுக்கு ஜங்ஷன் ஞாபகம் வரும். ஆனா இந்த ஊருக்கு இன்னொரு அடையாளம் உண்டு, பீங்கான். கார்த்திகை தீபத்துக்கு நாம வாங்குற பீங்கான் அகல், பொம்மைகள், மின்சார வேலைக்கான இன்சுலேட்டர் சாமான்கள்னு பலதும் இங்கே தயாராகுது. செராமிக் தொழிலுக்குன்னு தனியா ஒரு தொழிற்பேட்டை இருக்கு. செராமிக் படிப்புக்குன்னே ஒரு அரசு டிப்ளமோ கல்லூரியும் இருக்கு. பக்கத்துல நெய்வேலி. பழுப்பு நிலக்கரி எடுக்க அங்கே மண்ணைத் தோண்டும்போது நல்ல வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கும். இந்தத் தொழில் இந்தப் பகுதியில் வேர்விட அது ஒரு காரணம்.

பீங்கான் எப்படி உருவாகிறது? களிமண்ணோடு வேறு சில தாதுப்பொடிகளைச் சேர்த்து, கூழாக்கி, அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுடுகிறார்கள். நல்ல பீங்கானுக்கு 1,200 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலும் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில்தான் தனித்தனியாக இருந்த துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, கல் மாதிரி இறுகும். மேலே பளபளப்புக்கு ஒரு பூச்சு பூசுவார்கள், அதுக்குப் பேர் கிளேஸ். அந்தக் கிளேஸ்ல சேர்க்கிற பொருட்களில் ஒன்று துத்தநாக ஆக்சைடு. அது சேர்ந்தால் மற்ற பொருட்கள் உருகிக் கலப்பது எளிதாகும். பூச்சில் மெல்லிய வெடிப்புகள் விழுவதும் குறையும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நம்ம எலும்பும் ஒரு பீங்கான்தான். இதை உவமையா சொல்லலை. மெட்டீரியல் சயன்ஸ் படிச்சவங்ககிட்ட கேளுங்க, எலும்புல இருக்கிற தாதுவை அவங்க செராமிக் வகையிலதான் சேர்ப்பாங்க. அதன் பெயர் ஹைட்ராக்சிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகம். எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரை இந்தத் தாதுதான். மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதமும் தண்ணீரும்.

எலும்புக்கும் பீங்கானுக்கும் உள்ள உறவு பழசு. 'போன் சைனா'ன்னு விலை உயர்ந்த டீ கப் பார்த்திருப்பீங்க. அதில் 'போன்' என்பது சும்மா வைத்த பெயர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்த அந்தக் கலவையில் ஏறக்குறைய பாதி, மாட்டு எலும்பைச் சுட்டு எடுத்த சாம்பல். விருத்தாசலத்துக்காரங்க இன்னொரு விஷயமும் சொல்வாங்க. இறந்தவர்களின் எலும்பை இங்கே ஓடும் மணிமுத்தாற்றில் இட்டால் அது கூழாங்கல்லாக மாறி அடியில் தங்கிவிடும் என்பது தலத்து நம்பிக்கை. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். எலும்புக்குள்ளே ஏற்கெனவே பாதிக்கு மேல் கல்தான் இருக்கு என்பது வேதியியல்.

அப்போ ஒரு கேள்வி வரணும். பீங்கானுக்கு 1,200 டிகிரி சூளை வேணும். நம்ம உடம்போட சூடு வெறும் 37 டிகிரி. இவ்வளவு குறைஞ்ச சூட்டில் எலும்பு எப்படி இறுகுது?

பதில்: உடம்பு இந்த வேலையைச் சூட்டை வைத்துச் செய்வதில்லை, செல்களை வைத்தும் என்சைம்களை வைத்தும் செய்கிறது. துத்தநாகம் வருவது அங்கேதான்.

கட்டுறவங்க, இடிக்கிறவங்க

எலும்பு ஒரு தடவை கட்டி முடிச்சு சாவி கொடுத்த வீடு இல்லை. வாழ்நாள் முழுக்க அங்கே வேலை நடந்துக்கிட்டே இருக்கும். வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது.

இதில் இரண்டு அணி. கட்டுற செல்களுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்று பெயர். இவை முதலில் கொலாஜன் இழைகளைப் பின்னும், பிறகு அதன் மேல் தாதுவைப் படியவைக்கும். கம்பி கட்டிட்டு கான்கிரீட் போடுற மாதிரி. இன்னொரு அணி ஆஸ்டியோகிளாஸ்ட். பழசான, சேதமான எலும்பைக் கரைத்து எடுப்பது இதன் வேலை. சின்ன வயசுல கட்டுறது அதிகம். நடு வயசுல ரெண்டும் ஏறக்குறைய சமம். வயசானா, குறிப்பா பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, இடிக்கிற அணி முந்திவிடும்.

ஒரு மனித உடம்பில் மொத்தமே 2 கிராம் அளவுக்குத்தான் துத்தநாகம் இருக்கிறது. கால்சியமோ ஒரு கிலோ வரை இருக்கும். அந்த 2 கிராமில் ஏறக்குறைய 30 சதவீதம் எலும்பில். இந்தத் துளி அளவு துத்தநாகம் பார்க்கும் வேலைகளில் நான்கை மட்டும் சொல்றேன்.

முதல் வேலை, மேஸ்திரியை உருவாக்குவது. நம்ம உடம்புல ஸ்டெம் செல்னு சொல்ற தாய் செல்கள் இருக்கு. அது கொழுப்பு செல்லாகவும் ஆகலாம், குருத்தெலும்பு செல்லாகவும் ஆகலாம், எலும்பு கட்டுற செல்லாகவும் ஆகலாம். எதுவாக ஆவது என்பதை முடிவு செய்யும் சில புரதங்கள் டிஎன்ஏவைப் பிடித்து, சரியான மரபணுவை இயக்குகின்றன. அப்படி ஒரு புரதம் ஆஸ்டெரிக்ஸ். அது டிஎன்ஏவைப் பிடிப்பது மூன்று 'ஜிங்க் ஃபிங்கர்'களால், அதாவது மூன்று துத்தநாக விரல்களால். ஒவ்வொரு விரலின் மடிப்புக்கு நடுவிலும் ஒரு துத்தநாக அயனி உக்காந்திருக்கும். அது இல்லைன்னா விரல் வடிவமே நிக்காது. இந்த விரல் அமைப்பை 1985-இல் கண்டறிந்து சொன்னவர் நோபல் பரிசு பெற்ற ஆரன் க்ளக். 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆஸ்டெரிக்ஸ் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகளுக்குக் குருத்தெலும்பு உருவானது. எலும்பு உருவாகவே இல்லை.

இரண்டாவது வேலை, தாதுவைப் படியவைப்பது. 37 டிகிரி கேள்விக்கான பதில் பெருமளவு இதில்தான் இருக்கு. நம்ம ரத்தத்திலயும் திசுக்களிலயும் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்பவும் இருக்கு. அப்படின்னா கண்ட இடத்துல படிகமா இறுகிடாதா? இறுகாமல் தடுக்க ஒரு பிரேக் இருக்கிறது. அதன் பெயர் பைரோபாஸ்பேட். எலும்பு கட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அந்தப் பிரேக்கை எடுக்க வேண்டும். எடுப்பது ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம். அது பைரோபாஸ்பேட்டை இரண்டாக வெட்டும். பிரேக்கும் போகும், எலும்புக்குத் தேவையான பாஸ்பேட்டும் கிடைக்கும். ஒரே வெட்டில் இரண்டு லாபம்.

இந்த என்சைமின் மையத்தில் இருப்பவை இரண்டு துத்தநாக அயனிகளும் ஒரு மெக்னீசிய அயனியும். துத்தநாகம் இல்லாமல் அதால் வெட்ட முடியாது. இந்தப் பேரை நீங்க ஏற்கெனவே பார்த்திருக்கலாம். லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்ல ஆல்கலைன் பாஸ்படேஸ்னு ஒரு வரி வரும். வளர்ற பிள்ளைங்களுக்கு அது பெரியவங்களை விட அதிகமா காட்டும். பயப்பட வேண்டியதில்லை, எலும்பு மும்முரமா வளருதுன்னு அர்த்தம். பிறவியிலேயே இந்த என்சைம் சரியாக வேலை செய்யாத ஓர் அரிய நோய் உண்டு, ஹைப்போபாஸ்படேசியா. அந்தக் குழந்தைகள் போதிய கால்சியம் சாப்பிட்டாலும் எலும்பு இறுகாமல் மென்மையாகவே இருக்கும்.

மூன்றாவது வேலை, இடிக்கிற அணியைக் கட்டுக்குள் வைப்பது. ஜப்பானில் மசயோஷி யமாகுச்சி என்ற ஆய்வாளர் 1980-களிலிருந்து எலி எலும்புகளையும் செல்களையும் வைத்துத் தொடர்ந்து ஆராய்ந்தார். துத்தநாகம் ஆஸ்டியோபிளாஸ்டைத் தூண்டுகிறது, ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாவதைக் குறைக்கிறது என்பது அந்த வரிசை ஆய்வுகளின் சாரம். இதை ஆய்வகக் கண்டுபிடிப்பாகத்தான் எடுத்துக்கணும். மாத்திரை சாப்பிட்டா நம்ம எலும்புலயும் அப்படியே நடக்கும்னு இதை வெச்சு சொல்ல முடியாது.

நான்காவது, பழைய கொலாஜனை வெட்டி வழிவிடுவது. வளரும் எலும்பில் குருத்தெலும்பை அகற்றி அந்த இடத்தில் எலும்பு வர வேண்டும். அந்த வெட்டும் வேலையைச் செய்யும் கொலாஜனேஸ் குடும்ப என்சைம்களும் துத்தநாகத்தை நம்பித்தான் இயங்குகின்றன.

ஆக, எலும்பு என்ற கட்டடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் செங்கல், சிமெண்ட். துத்தநாகம் வேலையாட்கள் கையில் இருக்கும் கரண்டி மாதிரி. கரண்டி இல்லைன்னா லாரி லாரியா சிமெண்ட் வந்து இறங்கினாலும் சுவர் எழும்பாது. அதே நேரம், ஒரு மேஸ்திரி கையில பத்து கரண்டி கொடுத்தா சுவர் பத்து மடங்கு வேகமாவும் எழும்பாது. இந்த ரெண்டையும் சேர்த்து ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

ஷிராஸ் நகரத்து இளைஞர்

மனிதர்களுக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதை மருத்துவ உலகம் ரொம்ப நாள் நம்பவே இல்லை. அது எல்லா உணவிலும் இருக்கிறதே, எப்படிக் குறையும் என்பது வாதம். அதை மாற்றியவர் ஒரு இந்தியர், பீகாரின் பக்ஸர் ஊரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத்.

1958. ஈரானின் ஷிராஸ் நகரத்து மருத்துவமனை. பிரசாத்திடம் ஒரு நோயாளி வருகிறார். வயது 21. பார்க்க 10 வயசுப் பையன் மாதிரி இருக்கிறார். பருவ மாற்றம் எதுவும் வரவில்லை. கடுமையான ரத்தசோகை, வறண்ட தோல், மந்தமான மனநிலை. சாப்பாடு என்ன என்று விசாரித்தால், ஏறக்குறைய முழுக்க முழுக்கப் புளிக்காத ரொட்டி. இறைச்சி கிடையாது. அதோடு தினமும் அரைக் கிலோ அளவுக்குக் களிமண் தின்பார்.

ஆமாங்க, களிமண். அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. அந்தப் பகுதியிலிருந்து அதே மாதிரி இன்னும் பலர் வந்தார்கள்.

ரத்தசோகை இரும்புச்சத்துக் குறைவால் என்பது புரிந்தது. ஆனால் வளர்ச்சி ஏன் நின்றது? இரும்பு குறைந்த விலங்குகளில் அப்படி நடப்பதில்லையே. இங்கே ஒரு துப்பு கிடைத்தது. இரும்பு மருந்தும் மருத்துவமனையின் நல்ல சாப்பாடும் கொடுத்த பிறகு நோயாளிகள் தேறினார்கள், அவர்கள் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் அளவு கூடியது. கொஞ்சம் முன்னாடி சொன்னேனே, அதே என்சைம். அது துத்தநாகத்தை நம்பும் என்சைம் என்பது பிரசாத்துக்குத் தெரியும். அப்படியானால் சாப்பாட்டிலிருந்தோ, மருந்தில் கலப்பாகவோ, துத்தநாகம் உள்ளே போயிருக்க வேண்டும் என்று யோசித்தார்.

பிறகு எகிப்தில், இதேபோல் வளர்ச்சி குன்றிய இளைஞர்களிடம் அதை முறையாகச் சோதித்தார். துத்தநாகக் குறைபாடு உறுதியானது. துத்தநாகம் கொடுத்ததும் சில மாதங்களில் பருவ மாற்றங்கள் தொடங்கின. சிலர் ஒரே ஆண்டில் 5, 6 அங்குலம் வளர்ந்தார்கள். நின்று போயிருந்த எலும்பு வளர்ச்சி மறுபடி ஓட ஆரம்பித்தது. 1974-இல் அமெரிக்கா துத்தநாகத்துக்குத் தினசரி அளவு ஒன்றை முதல் முறையாக நிர்ணயித்தது.

அந்த ஷிராஸ் இளைஞர் ரொட்டி நிறையவே சாப்பிட்டார். அதில் துத்தநாகமும் இருந்தது. உடம்புக்கு ஏன் சேரலை? முழு தானியத்தில் பைடேட் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது குடலில் துத்தநாகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்புக்குள் விடாமல் வெளியே கொண்டுபோய்விடும். களிமண்ணும் அதே வேலையைச் செய்யும்.

இதை நம்ம ஊரோட பொருத்திப் பாருங்க. மண் தின்கிற குழந்தை, சாம்பலும் பல்பமும் தின்கிற கர்ப்பிணி, நமக்குப் புதுசா? 'சின்னப் புள்ளைதானே', 'மசக்கைதானே'ன்னு சொல்லி விட்டுடறோம். மண் மேல வர்ற இந்த ஆசை பல நேரம் இரும்புச்சத்துக் குறைவோட அறிகுறி. தின்கிற மண் மேற்கொண்டு சத்துகளைத் தடுக்கும், பள்ளம் இன்னும் ஆழமாகும். திட்டுறதை விட ஒரு ரத்தப் பரிசோதனை பயன்படும்.

நம்ம தட்டுல எவ்வளவு?

ஈரான், எகிப்து எல்லாம் அறுபது வருஷக் கதைதானேன்னு நினைக்காதீங்க. 2016 முதல் 2018 வரை இந்தியா முழுக்க நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுக்காரர்களில் 32 சதவீதம் பேருக்குத் துத்தநாகக் குறைபாடு இருந்தது. சின்னக் குழந்தைகளை விட வளரிளம் பருவத்தினருக்கு அதிகம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.

இந்த வயசுதான் கவலைக்குக் காரணம். ஒருவர் வாழ்நாளில் சேர்க்கிற எலும்பு அடர்த்தியில் சுமார் 90 சதவீதம், பெண்களுக்கு 18 வயதுக்குள், ஆண்களுக்கு 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அறுபது வயசுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா எலும்பு தாங்குமா தாங்காதாங்கிறதுல ஒரு பகுதி, பத்தாங்கிளாஸ் படிக்கும்போதே முடிவாகுது.

ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, தினமும் ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். அமெரிக்காவில் இது 11-உம் 8-உம்தான். நமக்கு ஏன் அதிகம்? நம் சாப்பாட்டில் தானியமும் பருப்பும் அதிகம், பைடேட் அதிகம், உடம்பில் சேரும் பங்கு குறைவு. அதனால்தான்.

இப்போ கணக்குப் போடுவோம். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் சுமார் 1.2 மில்லிகிராம் துத்தநாகம். மூணு வேளையும் சேர்த்து 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 4 மில்லிகிராமைத் தாண்டாது. ஹாஸ்டல்ல சாதம், ரசம், அப்பளம்னு ஓட்டுற ஒருத்தர், வயிறு நிறைய சாப்பிட்டும் பாதி அளவைக்கூட எட்டாம போகலாம். உடம்பில் துத்தநாகத்துக்குத் தனியாகச் சேமிப்புக் கிடங்கு இல்லை. எலும்புக்குள் இருப்பதை நினைத்த நேரத்தில் எடுத்துச் செலவழிக்கவும் முடியாது. தினசரி வரவுதான் கணக்கு.

அப்போ என்ன சாப்பிடலாம்? இங்கேயும் விருத்தாசலம் உதவிக்கு வருது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. நிலக்கடலை, முந்திரி ரெண்டுலயும் 'விஆர்ஐ'ன்னு தொடங்குற ரகங்கள் இங்கிருந்து வந்தவைதான். இந்தச் செம்மண் பூமியின் முந்திரியில் 100 கிராமுக்குச் சுமார் 5 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் இருக்கிறது. நிலக்கடலையில் சுமார் 3. எள்ளில் முந்திரியை விடவும் அதிகம். கம்பு, கேழ்வரகு, கொண்டைக்கடலை எல்லாம் தீட்டிய அரிசியை விட இரண்டு மடங்குக்கு மேல். ஆட்டுக்கறியில் இருப்பது பைடேட் தொல்லை இல்லாமல் எளிதாகச் சேரும். முந்திரி விலை நமக்குத் தெரியும். கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் பாக்கெட்டுக்கு அடங்கும்.

பைடேட்டை என்ன பண்றது? நம்ம பாட்டிமார் அதுக்கு வழி வெச்சிருக்காங்க. மாவு புளிக்கும்போது பைடேட் சிதையும். தானியமும் பயறும் ஊறி முளைகட்டும்போதும் குறையும். இட்லி, தோசை, புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழ், முளைகட்டிய பயறு எல்லாம் இந்தக் கணக்கில் நல்லவை. ஷிராஸ் இளைஞரின் ரொட்டி புளிக்காத ரொட்டி என்பதை இங்கே நினைத்துப் பாருங்க.

இன்னும் ஒரு படி கீழே போனா, மண்ணிலேயே விஷயம் இருக்கு. தமிழ்நாட்டு வயல்கள் பலவற்றில் துத்தநாகம் குறைவு. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். அரிசியிலேயே துத்தநாகத்தைக் கூட்டும் முயற்சியும் நடக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'டிஆர்ஆர் தான் 45' ரகத்தில், தீட்டிய பிறகும் கிலோவுக்குச் சுமார் 22 மில்லிகிராம் இருக்கிறது.

அப்போ மாத்திரை போடலாமா?

இந்தக் கேள்வி உங்க மனசுல வந்திருக்கும். இன்ஸ்டாகிராம்ல 'ஹைட் கெயின்' விளம்பரம், ஜிங்க் கம்மி, ஜிம் நண்பர் சொன்ன சப்ளிமெண்ட். கரண்டி கணக்கு இப்போதான் தேவைப்படுது.

குறைபாடு இருக்கிற வளரும் பிள்ளைக்குத் துத்தநாகம் கொடுத்தால் வளர்ச்சி திரும்பும். எகிப்தில் நடந்தது அதுதான். குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதல் துத்தநாகம் கூடுதல் உயரம் தராது. இருபத்தைந்து வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டன. அதற்குப் பிறகு எந்த மாத்திரையும் உயரத்தைக் கூட்டாது. அந்த விளம்பரத்தை ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க.

அதிகமானா கெடுதலும் உண்டு. பெரியவர்களுக்கு, உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாள் உச்சவரம்பு 40 மில்லிகிராம். அதைத் தாண்டி மாதக்கணக்கில் எடுத்தால், குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவது தடைபடும். எலும்பின் கொலாஜன் இழைகளை ஒன்றோடு ஒன்று பின்னிக் கட்டும் என்சைமுக்குத் தாமிரம் வேண்டும். ஆக, எலும்புக்காகன்னு அளவில்லாம ஜிங்க் போட்டா, அதே எலும்போட கம்பிக்கட்டு தளரலாம். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், நரம்புகளும் பாதிக்கப்படும். பல்செட்டை ஒட்டவைக்கும் பசையில் இருந்த துத்தநாகத்தால், அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்திய சிலருக்கு நடையே தடுமாறிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால அட்டையில 'எலிமெண்டல் ஜிங்க்' எத்தனை மில்லிகிராம்னு படிங்க. டாக்டர் சொல்லாம மாதக்கணக்கில் தொடராதீங்க.

மாத்திரையே தப்புன்னும் நான் சொல்லலை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் கரைசலோடு துத்தநாகமும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை 10 முதல் 14 நாள் கொடுக்கணும். பேதி நின்னதும் பல வீட்டுல மாத்திரையையும் நிறுத்திடுவாங்க. அப்படி நிறுத்தாம முழு நாளும் கொடுக்கணும்.

மறுபடி சூளைக்கு

முடிக்கிறதுக்கு முன்னாடி, செராமிக் படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு விஷயம். எலும்பு நொறுங்கினாலோ, கட்டி எடுத்த இடத்தில் பள்ளம் விழுந்தாலோ, அதை நிரப்ப ஹைட்ராக்சிஅபடைட்டையே செயற்கையாகச் செய்து, சூளையில் சுட்டு, துளைகள் கொண்ட துண்டாகப் பயன்படுத்துகிறார்கள். உயிர் செராமிக் என்ற துறை இது. கொல்கத்தாவில் உள்ள மத்திய கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிறுவனமும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இதில் நீண்ட காலமாக வேலை செய்கின்றன. சென்னை ஐஐடியில் முட்டை ஓட்டிலிருந்தே ஹைட்ராக்சிஅபடைட் தயாரித்துக் காட்டியிருக்கிறார்கள். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதுதான் மூலப்பொருள்.

இந்தச் செயற்கை எலும்பில் கொஞ்சம் துத்தநாகம் சேர்த்தால் என்ன ஆகும் என்பது உலகம் முழுக்க நடக்கும் ஆராய்ச்சி. சிறிய அளவில் சேர்த்தால், அதிலிருந்து மெல்லக் கசியும் துத்தநாகம் எலும்பு கட்டும் செல்களைத் தூண்டுகிறது, கிருமிகளையும் ஓரளவு தடுக்கிறது. அளவு கூடினால் அதே செல்களுக்கு நஞ்சாகிறது. கிளேஸ்ல எத்தனை சதவீதம் போடணும், எந்தச் சூட்டுல எவ்வளவு நேரம் வெக்கணும், துகள் எவ்வளவு பொடியா அரையணும்னு விருத்தாசலம் வகுப்புல படிக்கிற அதே கேள்விகள்தான் இங்கேயும். அகல் விளக்குக்குப் படிக்கிற படிப்பு ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போகும்.

சரி மக்களே, இந்த வாரம் ஒரே ஒரு வேலை. உங்க வீட்டுல வளர்ற வயசுல யாராவது இருந்தா, அவங்க ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடறாங்கன்னு எழுதிப் பாருங்க. அரிசியைத் தவிர கடலை, பயறு, எள், முட்டை, கறி, சிறுதானியம் இதுல ஒண்ணாவது ஒவ்வொரு வேளையும் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா எங்கே சேர்க்கலாம்னு அவங்களோடவே உக்காந்து பேசுங்க. வளர்ச்சி நின்ன மாதிரி தெரிஞ்சா, மண், பல்பம், சாம்பல் தின்கிற பழக்கம் இருந்தா, கடையில மாத்திரை வாங்காம டாக்டரைப் பாருங்க.